பதினான்காம் பீப்பாய்

ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூனிலும்,
குப்பிகள் அடுக்கிய பெட்டியோடு மெனெத்ருவுக்குப் போவேன்.
பொலிஞியில் என் ஆய்வகம்.
பீப்பாய்களைச் சந்தேகிப்பதற்குச் சம்பளம்.

மற்ற ஊர்களில்
மது வற்ற வற்ற மேலே ஊற்றி நிரப்புவார்கள்.
ஜூராவில் அந்த வழக்கம் இல்லை.
வற்றட்டும்.
வற்றிய இடத்தில் காற்று வந்து உட்காரட்டும்.
ஆறு குளிர்காலம், ஆறு கோடை, கூடவே மூன்று மாதம்.
அதற்குள் மதுவின் மேல் சாம்பல் நிறத்தில்
ஓர் ஆடை படரும்,
காய்ச்சி மறந்த பாலில் படர்வதைப் போல.
அது கிழியாதவரை மது.
கிழிந்தால் காடி.

பதினான்காம் பீப்பாயைச்
சோலாஞ்சும் எவ்ராரும் சேர்ந்து நிரப்பினார்கள்.
சவான்யாங் திராட்சை,
கடைசிக் குலைகளில் முதல் பனி இருந்ததாம்.
எண்ணை அவள் எழுதினாள், சுண்ணக்கட்டியால்.
நான்கின் வால் கோணலென்று
அவன் அழித்து எழுதினான்.

இரண்டாம் ஆண்டில் லோன் நகரத்து வக்கீல் வந்தார்.
நீலக்களிமண் சரிவு அவளுக்கு,
நிலவறையும் வீடும் அவனுக்கு.
டிராக்டரைப் பிரித்தார்கள், கரண்டிகளைப் பிரித்தார்கள்,
நாய் வாரம் மாறி வாரம் இடம் மாறியது.
பதினான்கை மட்டும் பிரிக்க முடியவில்லை.
அசைத்தால் ஆடை கிழியும் என்று
நான்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
அவளுக்கு ஒரு சாவி செய்தார்கள்.

அன்றிலிருந்து என் அறிக்கை இரண்டு பிரதி.

நான்காம் ஆண்டு ஜூனில்
அமிலம் ஏறியது.
அன்றிரவு ஒன்பது மணிக்கு அவள் கூப்பிட்டாள்,
ஒன்பதே காலுக்கு அவன்.
இருவருக்கும் ஒரே கேள்வி:
தாங்குமா?
எனக்கு எப்படித் தெரியும்,
நான் கருவியின் எண்ணைப் படிப்பவள்.
ஆனாலும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று
அங்கே யாரும் கதவை அறையாதீர்கள் என்றேன்.
சரிவு முழுக்கக் கேட்கும்படி
கதவறைகிற வீடு அது, திருமணமான நாளிலிருந்து.
அடுத்த ஜனவரியில் போனேன்.
கீல்களுக்கு எண்ணெய் போட்டிருந்தது.
அமிலம் இறங்கியிருந்தது.
காரணம் கீல்கள்தான் என்று
எந்த அறிக்கையிலும் எழுத மாட்டேன்.

பிப்ரவரி.
மஞ்சள் மதுவைத் திறக்கும் திருவிழா,
அந்த ஆண்டு வேறோர் ஊரின் முறை.
தெருவெல்லாம் மஞ்சள் காகிதம், காலடியில் பனிச்சேறு,
தோளில் பீப்பாய் சுமந்த ஊர்வலம்,
பாதிரியாரின் ஆசி, சுத்தியலின் ஓர் அடி.
தெருவின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன்,
நடுவே தாரைக்குழலூதிகள்.

மறுவாரம் பதினான்கைத் திறந்தோம்.
இங்கே புட்டிக்கு அறுபத்திரண்டு சென்டிலிட்டர்,
ஒரு லிட்டரில் காற்று விட்டுவைத்த மிச்சம்.
எண்ணினோம். இருநூற்றுப் பதின்மூன்று.
ஆளுக்கு நூற்றாறு.
ஒன்று மேசைமேல் நின்றது.

யாரும் பேசவில்லை.
நான் பெட்டியை இரண்டாவது முறை மூடினேன்.
அவள் கோம்தே பாலாடைக்கட்டியை வெட்டத் தொடங்கினாள்,
அவன் மூன்று கிண்ணம் எடுத்தான்,
ஒன்றை ஊதித் தூசி தட்டினான்.

ஒரு துளி இனிப்பில்லை.
நாக்கின் ஓரங்களைச் சுருக்கிவிட்டு
எங்கோ தொலைவில் போய் நின்று
திரும்பிப் பார்க்கிற சுவை.
வெந்தயம், என்றாள்.
பச்சை வால்நட் தோல், என்றான்.
வெந்தயத்தில் உள்ள மூலக்கூறேதான், அவள் சொல்வது சரி,
ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.
வெந்தயம். தோல். வெந்தயம்.
ஆறு ஆண்டில் அவர்கள் போட்ட
முதல் நேரடிச் சண்டை.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
உள்ளே பதினான்கு காலி.
காக்க இனி ஆடை ஏதும் இல்லை.
இருந்தும் எனக்குப் பின்னால்
யாரோ கதவை
மெல்லச் சாத்தினார்கள்.